வக்கீல் முடுக்கு

ஏட்டி, ஒனக்கு எதுக்குட்டி அதெல்லாம்? வீட்டுக்குப் பால் காச்சின வாடை இன்னும் போவல்ல, அதுக்குள்ள முடுக்குக்குப் பேரு எப்பிடி வந்துன்னு கேக்க வந்துட்டா. சுகர் மாத்திரைக்கு வந்தியா, ஊர்க்கதை பொறக்க வந்தியா? மாத்திரை குடுக்க நர்சுப் பிள்ளை வரல்லன்னா வாயைப் பொத்திக்கிட்டு இரி. இந்த முழிய வச்சுக்கிட்டு ஒன் மருமவ எப்பிடித்தான் ஒனக்குத் தெரியாம ஒரு சாயா குடிக்காளோ.

பாத்தியா, இவளைப் பேசினா அந்தப் பக்கம் இருக்கவளும் கசேரிய இழுத்துக்கிட்டு வாறா. காதுல மெசின் வச்சவ கூட மெசினைத் திருக்குதா. செரி. சொல்லுகேன். எடையில எவளாவது “பொறவு, பொறவு”ன்னு கேட்டா அதோட நிறுத்திருவேன்.

ஆட்டோக்காரன் வக்கீல் முடுக்குங்கான். கேஸு சிலிண்டர் கொண்டு வாறவனும் அதைத்தான் சொல்லுகான். அங்க ஒரு வக்கீலு வீடும் இல்லியேன்னு கேக்கா இவ. இருந்தாத்தானே காணும்? அந்த முடுக்குல ஒரு வக்கீலும் ஒருநாளும் குடியிருந்ததில்ல. பஞ்சாயத்துக்காரன் பச்சைப் போர்டுல வேற என்னமோ பேரு எழுதி வச்சிருக்கான். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, அதுனால அதைக் கொண்டு எனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் படிச்சது ரெண்டாங் கிளாசு. அதிலயும் ஒண்ணாங் கிளாசை ரெண்டு வாட்டி.

அப்போ நான் பாவாடையைக் கடிச்சுக்கிட்டு கொளத்துல சாடுத வயசு. மேலத்தெருவுல பெரிய வீடு. அந்த வீட்டுச் சுவரை ஒட்டி முடுக்கு கீழ எறங்கும். எறங்கினா எங்க வீடு. எங்க வீட்டைத் தாண்டினா கொளம். கொளத்துக்கு அந்தால சுடுகாடு. நீ இப்போ சிமெண்டுல வண்டி ஓட்டுக எடத்துல அண்ணைக்கு செம்மண்ணு. மாட்டு வண்டி போவும், ஒரு வண்டி போனா எதுத்து வாறவன் வேலியோட ஒட்டிக்கிட்டு நிக்கணும்.

எங்க அப்பா நான் நடை பழகும் முன்னயே போய்ச் சேந்தாச்சு. அம்மைக்கு நெல் அவிக்க வேலை. வயக்காரனுவ வண்டியில நெல்லைக் கொண்டு வந்து எறக்குவானுவ. அம்மை அவிச்சு, முத்தத்துல காயப் போட்டு, மில்லுல குத்திக் குடுப்பா. அந்த அண்டாவைத் தொறக்கும்போ ஒரு ஆவி வரும் பாத்துக்கோ, புது நெல்லும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. எங்க வீட்டுக் கூரைக்கும் அந்த வாடைதான், என் தலைமயிருக்கும் அந்த வாடைதான். பள்ளிக்கூடத்துல பக்கத்துல இருக்கவ “ஏட்டி, ஒன் வாடையில பசிக்குட்டி, தள்ளி இரி”ம்பா.

பெரிய வீட்டு மாமனுக்க அம்மை செத்தது ஒரு ஐப்பசி மாசம். அந்த வருசம் சவத்த மழை, கொளத்தங்கரை உடைஞ்சு கெடந்துது. எல்லாச் சவமும் கொளத்தங்கரை ரோட்டு வழியாத்தான் சுடுகாட்டுக்குப் போவும். கரை உடைஞ்சதுனால அந்த அம்மையை எங்க முடுக்கு வழியா கொண்டு போனாவ. பூந்தேரு கெட்டி, சங்கு ஊதி, பாதை நெடுக வெள்ளை விரிச்சு. நான் முத்தத்துல நிண்ணு பாத்தேன். செத்தா இப்பிடிச் சாவணும்னு அண்ணைக்கே எனக்கு ஆசை வந்துட்டு. இப்போ அந்த ஆசை கொறைஞ்சு போச்சு.

மறு சித்திரையில பாத்தா, முடுக்குக்கு மேல்வாசல்ல வேலி. பெரிய வீட்டு மாமன் ஆளு வச்சு கம்பு நட்டு, முள்ளு வச்சுக் கெட்டிப் போட்டாரு. அம்மை போய் நிண்ணா. அவ சேலைத் தும்பைப் பிடிச்சுக்கிட்டு நானும்.

“அண்ணாச்சி, இது என்ன வேலி? நெல்லு வண்டி எப்பிடி வரும்?”

“வரப்பிடாதுன்னுதான் பிள்ளே வேலி.”

“இது வழியில்லா?”

“எது வழி? மழை வெள்ளம் ஓடின ஓடை. மொதல்ல ஆடு போச்சு. ஆட்டுக்குப் பொறத்த நீ போன. ஆடு போனதெல்லாம் வழியா?”

அவருக்க கண்ணு எங்க மனையில. எங்க மண்ணும் சேந்தா அவரு வாழைத் தோட்டம், அந்த விளை, கொளம் வரைக்கும் ஒரே சதுரமா வரும். சதுரம்னா ஆம்பளையளுக்கு அப்பிடி ஒரு கிறுக்கு.

கோயிலுக்கு முன்னால ஊர்க்கூட்டம் போட்டாவ. ஊர்த்தலைவரு நடுவுல. அம்மை சொன்னா: “ஒங்க அம்மையையே இந்த வழியாத்தானே அண்ணாச்சி கொண்டு போனிய?” பெரிய வீட்டு மாமன் மீசையைக்கூட அசைக்கல்ல. “எங்க அம்மையை எங்க விளைக்குள்ள கூடிக் கொண்டு போனோம். எங்க மண்ணு, எங்க அம்மை. ஒனக்கென்ன?”

தேரைத் தூக்கின ஆளெல்லாம் அங்கதான் இருந்தாவ. தலைவரே தோள் குடுத்தவருதான். பெரிய வீட்டு மாமனுக்க வயலைப் பாட்டத்துக்கு எடுத்தவன், அந்தாளு காளையைக் கேட்டு வாங்கி உழுதவன், எல்லாவனும் மண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தான். தலைவரு தொண்டையைச் செருமிட்டு, “பிள்ளே, கைவசம் பத்திரம், ரேகை ஏதாவது உண்டா?”ன்னு கேட்டாரு. அம்மைக்க கையில அண்டா சுட்ட தழும்புதான் இருந்துது.

மழைக்கு முன்ன வழி தொறக்கல்லன்னா கதை முடிஞ்சுது. கொளத்தங்கரை ரோட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஒத்தையடிப் பாதைதான், வண்டி எறங்காது, ஐப்பசியில அதுல தவளையே வழுக்கி விழும். வண்டி வரல்லன்னா ஒருத்தனும் நெல்லு தரமாட்டான். வீட்டைப் பெரிய வீட்டுக்குக் குடுத்துட்டு கொட்டாரம் ஊருல மாமா வீட்டுக்குப் போவணும். அங்க போனா அம்மை அடுக்களையில, நான் மாட்டுத் தொழுவுல. மாமா பொண்டாட்டிக்கு ரெண்டு பேருக்கும் வேலை ரெடியா இருந்துது.

இனிதான் அந்த வக்கீலு வாறாரு.

வக்கீலுன்னா கையில பேக்கு வச்சிக்கிட்டுன்னு நெனச்சிராத. கொளத்தங்கரைக்குத் தெக்கே ஒரு குலைப்பெரை இருந்துது. வாழைக்குலையெல்லாம் கொண்டு வந்து அடுக்கி, புகை போட்டுப் பழுக்க வைக்க பெரை. அங்க குலை சுமக்க ஆளு அவரு. முட்டுக்கு மேல மடிச்சுக் கெட்டின அழுக்கு வேட்டி, தேங்கா நாரு மாதிரி தாடி, வேட்டி மடியில ஒரு சாராயக் குப்பி. நடந்தா ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சு வருவாரு. தலையில சும்மாடுக்குத் துண்டு இல்ல, ஒரு கறுப்புக் கோட்டு. கோர்ட்டுல வக்கீலுமாரு போடுதாவல்லா, அதேதான். அதைச் சுருட்டி வட்டமா வச்சு, அது மேலதான் குலையைத் தூக்கி வைப்பாரு. வாழைக்கறை ஒழுகி ஒழுகி கோட்டு பலகை மாதிரி ஆயிட்டுது.

டவுனுல பெரிய வக்கீலா இருந்தாராம். ரெண்டு கட்சிக்காரன்கிட்டயும் துட்டு வாங்கிக் கை நனைச்சாராம். வக்கீலு வேலை பாக்கதுக்குக் குடுக்க சன்னதைக் கோர்ட்டு பிடுங்கிட்டாம். பொறவு குடியாம். இது ஊருச் சொல்லு. “ஏலே வக்கீலே, இந்தக் குலைக்கு ஜாமீன் எடு”ன்னு சந்தையில விளிப்பானுவ. அவரு தலையை ஆட்டிக்கிட்டுப் போவாரு.

வண்டி வராம ஆனப்பொறவு, அம்மை நெல்லுச் சாக்கைக் கரை வழியா சுமக்கதுக்கு அவரைத்தான் விளிச்சா. கூலிக்கு கஞ்சி. கஞ்சிக்கு காணத் தொவையல். அவரு கிண்ணத்துல மட்டும் ஒரு துண்டு மாங்கா ஊறுகாயும் கெடக்கும். “எனக்கு?”ன்னு கேட்டா, “ஒனக்கு இருமல்”ம்பா அம்மை. எனக்கு இருமலே கெடையாது.

எனக்கு அந்தக் குப்பி மேல ஒரு கண்ணு. ஒருநாள் அவரு முத்தத்துல சாக்கை எறக்கிட்டு கொளத்துல கால் கழுவப் போன நேரம், குப்பியைத் தொறந்து ஒரு மடக்குக் குடிச்சேன். ஏட்டி, சுக்கு வெள்ளம்! கருப்பட்டி போட்ட சுக்கு வெள்ளம்! நான் முழிச்சுக்கிட்டு நிக்கேன், அவரு வந்துட்டாரு.

“எப்பிடி இருக்கு சரக்கு?”

“நீரு குடிகாரன் இல்லியா?”

“பைய பேசு. முட்டுல வாதம். சரிஞ்சு நடந்தேன், ஊரு குடின்னு சொல்லிட்டு. நானும் ஒரு குப்பியை வாங்கிச் சொருகிக்கிட்டேன். குடிகாரன்கிட்ட ஒருத்தனும் யோசனை கேக்க வரமாட்டான் மக்ளே. நிம்மதி.”

பொறவு ஒருநாள் குலைப்பெரைக்குப் பொறத்த ஒளிஞ்சு நிண்ணு பாத்தேன். ஒரு பெரிய செந்தொளுவன், அதான் செவப்பு வாழை, அந்தக் குலையைச் சுவத்துல சாச்சு வச்சிருக்காரு. அதுக்கு முன்னால நிண்ணு, கோட்டை இடுப்புல வச்சுக்கிட்டு, இங்கிலீசுல பேசுதாரு. கையை நீட்டுதாரு, கொரலைத் தாழ்த்துதாரு, அந்தக் குலையைப் பாத்துத் தலை குனியுதாரு. சரிஞ்ச ஆளு நேரா நிக்காரு பாத்துக்கோ. எனக்கு ஒரு எழுத்தும் வெளங்கல்ல, ஆனா பேசுதது ஆரையோ காப்பாத்தன்னு மட்டும் தெரிஞ்சுது. நான் சிரிச்சுட்டேன். அவரு திரும்பினாரு.

“செந்தொளுவனுக்குக் காது கேக்குமா வேய்?”ன்னேன்.

“நான் கண்ட ஜட்ஜுமாரை விட இதுக்குக் கொஞ்சம் கேக்கும்.”

“அப்போ நான் ஜட்ஜு ஆவட்டா?”

அண்ணைக்குத் தொடங்கின வெளையாட்டு. நான் கவுத்துப் போட்ட கொட்டை, அதான் குலைக் கூடை, அது மேல ஏறி இருப்பேன். மட்டிப்பழத்துல ஒரு சீப்பு எனக்குக் கோர்ட்டு பீசு. அவரு பூனைக்காக வாதாடுவாரு, பால் குடிச்சது பூனை இல்லன்னு. நான் பூனைக்குத் தூக்குன்னு தீர்ப்பு சொல்லுவேன். “யுவர் ஆனர் பழத்தைத் தின்னுட்டு இந்தத் தீர்ப்பா?”ன்னு தலையில கை வச்சிக்கிட்டு இருப்பாரு. ஒரு நாளும் ஒரு கேஸும் அவரு ஜெயிச்சதில்ல எங்கிட்ட.

புரட்டாசி போச்சு. மழை தொடங்கிட்டு. மதியம் அண்டாவுக்கு மேல ஓலைய மறைச்சு வச்சிட்டு அம்மை ஒண்ணும் செய்யாம இருந்தா. அவிக்க நெல்லு இல்ல. வக்கீலு எறவாரத்துல ஒதுங்கி நிண்ணாரு. நான் அம்மை மடியில தலை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு கெடந்தேன். பிள்ளை ஒறங்குதுன்னு நெனச்சா பெரியவங்க நல்ல கதையெல்லாம் பேசுவாவ, அது எனக்கு அப்பவே தெரியும்.

அம்மை சொன்னா: “நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். மேலத்தெருவுல ரெண்டு கெழவியளு எனக்கு வேண்டிய ஆளு. எங்க மாமனாரு கையில பெரிய வீட்டுப் பாட்டா இந்த வழியைத் தாரை வாத்துக் குடுத்தாரு, நாங்க கண்ணால பாத்தோம்னு கோயில்ல சத்தியம் பண்ணுவாளுவ. சொல்லிக் குடுத்தா நல்லாச் சொல்லுவாளுவ.”

வக்கீலு அப்பிடிக் கோவப்பட்டு நான் அண்ணைக்குத்தான் கேட்டேன். “வேண்டாம்! கெழவியளை விட்டிரும்!”

மழை நல்லா ஊத்துது. அவரே பைய சொன்னாரு. “நானும் ஒரு கெழவிக்குச் சொல்லிக் குடுத்தேன். அவ மவனை மாட்டிவிட்டுட்டானுவ, செய்யாத குத்தம். அண்ணைக்கு என் மவன் வீட்டுல கெடந்தான்னு சொல்லு, அது போதும்னேன். கிளி மாதிரிப் படிச்சா. கூண்டுல ஏறினப்பொறவு எதுத்த வக்கீலு ஒரு கேள்விதான் கேட்டான், வீட்டுல கெடந்தவனுக்கு என்ன சோறு போட்டன்னு. அதை நான் சொல்லிக் குடுக்கல்ல. அவ என்னைப் பாத்தா. கூண்டுல நிண்ணுக்கிட்டு, பிள்ளை வழி தவறினா பாக்குமே, அப்பிடிப் பாத்தா. பொய்ச்சாட்சின்னு அவளைப் பிடிச்சு உள்ள போடப் போனானுவ. நான் எந்திச்சு, நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிட்டேன்.”

“அப்போ ரெண்டு பக்கமும் கை நனைச்சீருன்னு ஊரு சொல்லுது?”

“சொல்லட்டும். அது அந்தக் கெழவிக்க பேரை விட்டுட்டுச் சொல்லுது இல்லியா.”

“அவ மவன்?”

அவரு தலையில இருந்த கோட்டை எடுத்து மழை வெள்ளத்தைத் தட்டினாரு. அம்மை ஒரு வாட்டிதான் கேட்டா.

எனக்கு அண்ணைக்கு இதுல பாதி வெளங்கல்ல. கூண்டுன்னதும் கிளிக்கூண்டுன்னு நெனச்சேன். ஒரு கெழவி கூண்டுக்குள்ள இருக்கா, இவரு வெளிய நிக்காருன்னு.

அவரு போவும்போ திரும்பி அம்மைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. “அந்தப் பெரிய வீட்டு அம்மைக்கு ஆண்டுத் திதி எப்போ?”

“வாற வெள்ளி. ஊருக்கெல்லாம் எலை போடுதாவ.”

“குலை எங்க பெரையில இருந்துதான் போவணும்”ன்னுட்டு மழையில எறங்கிப் போனாரு.

வெள்ளிக்கிழமை பெரிய வீட்டு முத்தத்துல பந்தல். சுவத்துல அந்த அம்மைக்க படம், கனகாம்பர மாலை. மொதப் பந்தியில தலைவரு, ஊருப் பெரிய ஆளுவ எல்லாம். அவியல், எரிசேரி, இஞ்சிக் கிச்சடி, ஏத்தங்கா வத்தல். ஏட்டி, அந்த எரிசேரியில வறுத்த தேங்காய் வாசம், நான் இந்தச் சுகரோட இன்னும் நெனச்சு வெள்ளம் எறக்குதேன். அம்மை வரல்ல. பந்தியை எட்டிப் பாத்துக்கிட்டு நான் மட்டும் வாழை மூட்டுல நிண்ணேன்.

பாயசத்துக்கு மட்டிப்பழம் கேட்டாவ. வக்கீலு குலையோட வந்தாரு, வழக்கத்துக்கும் கூடச் சரிஞ்சுக்கிட்டு. “வந்துட்டான்வே குடிகாரன்”ன்னு பந்தியில ஒரு சிரிப்பு. குலையை எறக்கி வச்சாரு. படத்தைப் பாத்தாரு. கோட்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு அழுகை.

“அம்மா! ஒனக்கு இப்பிடி ஒரு கெதி வந்துட்டே!”

பெரிய வீட்டு மாமன் பருப்பு வாளியோட நிண்ணுட்டாரு. “என்னவே கெதி?”

“இல்ல முதலாளி, பாவம்னு தோணிச்சு. எத்தனை பேருக்கு சோறு போட்ட கை. கடைசியில வாழைக்கு எடையில கூடி, வேலிப் பொத்து வழியா...”

“எவம்லே சொன்னான் வேலிப் பொத்துன்னு?”

“நீங்கதானே கூட்டத்துல சொன்னிய, விளைக்குள்ள கூடிக் கொண்டு போனோம்னு? எங்க பக்கத்துல செத்த மாட்டைத்தான் விளைக்குள்ள கூடி எடுப்பாவ. ஒங்க ஊரு வழமை எனக்குத் தெரியாதுல்லா. பூந்தேருன்னு வேற சொன்னானுவ. அந்தத் தேரை வாழை மூட்டுக்குள்ள எப்பிடி முதலாளி கொண்டு போனிய? மடக்கியா?”

வாளி கீழ விழுந்துது. பெரிய வீட்டு மாமனுக்கு மொகம் செந்தொளுவன் மாதிரி ஆயிட்டு.

“லே! எங்கம்மை ராணி மாதிரிப் போனாலே! முன்னால சங்கு, பொறத்த வெடி, பாதை நெடுக வெள்ளை. தேருக்கு ரெண்டு பக்கமும் ஆளு நடந்து போனானுவ, ஒரு முள்ளு கீறல்ல! எங்கம்மையா பொத்து வழி போனா? ஊர்வழி போனாலே, ஊர்வழி! அந்த முடுக்கு வழியா, ஊரே பாக்கப் போனா! தலைவரே, நீருதானே முன்காலுக்குத் தோள் குடுத்தீரு? சொல்லும்வே இந்த நாய்கிட்ட!”

தலைவரு கையில சோத்து உருண்டை. வாய்க்கும் எலைக்கும் நடுவுல நிக்குது.

“சொல்லும்வே!”

“ஆமா. நான்தான் குடுத்தேன்.”

“எந்த வழியா?”

“முடுக்கு வழியாத்தான்.”

“கேட்டியாலே?”

“கேட்டேன் முதலாளி”ன்னாரு வக்கீலு, மூக்கைத் தொடைச்சுக்கிட்டு. “இப்பத்தான் மனசு நெறைஞ்சுது. அம்மை ஊர்வழியாத்தான் போயிருக்கா. கொஞ்சம் பாயசம் ஊத்துங்கப்பா.”

பந்தியில பப்படம் ஒடிக்க சத்தம்கூட நிண்ணுட்டு. தலைவரு உருண்டையை எலையில வச்சாரு. “அண்ணாச்சி, அண்ணைக்குக் கூட்டத்துல நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ ஒம்ம அம்மை சோத்துல கை வச்சிட்டு இருக்கேன். ஊர்வழின்னு நீரே சொல்லியாச்சு. வேலியைப் பிரிச்சிரும்.”

மத்தவனெல்லாம் தலையாட்டினானுவ. மொதல்ல பைய, பொறவு நல்லா.

பெரிய வீட்டு மாமன் சத்தம் போடுவாருன்னு நான் வாழைக்குப் பொறத்த பதுங்கினேன். அவரு படத்துக்குக் கீழ அப்பிடியே இருந்துட்டாரு. “எங்கம்மை ராணி மாதிரிப் போனா”ன்னு இன்னொரு வாட்டி சொன்னாரு. இப்போ சத்தமா இல்ல. பொறவு பந்திக்கு முன்னால, பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. அம்பிட்டு நாளும் அந்தாளை நான் ராட்சசன்னுதான் நெனச்சிருந்தேன். ராட்சசனுக்கும் ஒரு அம்மை உண்டுன்னு எனக்கு அண்ணைக்கு ஒரு நிமிசம் தோணிச்சு, பொறவு எனக்கும் பாயசம் கெடச்சுது, மறந்துட்டேன்.

மறுநாள் காலம்பற மழையோட அவரே வந்து வேலியைப் பிடுங்கினாரு. ஆளு வைக்கல்ல. கையெல்லாம் முள்ளு. அம்மை தேங்கா எண்ணெயும் ஊசியும் கொண்டு போய்க் குடுத்தா. அண்ணையில இருந்து அந்த முடுக்குல எறங்கும்போ செருப்பைக் கையில எடுத்துக்கிடுவாரு, சாவுற வரைக்கும்.

நெல்லு வண்டி வந்துது. அண்டாவுல ஆவி வந்துது. அக்கம்பக்கத்து பொம்பளையளு அம்மையைப் பிடிச்சுக்கிட்டாளுவ. “அந்த வக்கீலு வேணும்னேதானே கேட்டான்? நீதானே சொல்லி விட்ட?” அம்மை நெல்லைக் கிண்டிக்கிட்டே, “அந்தாளுக்கா? கெட்டின வேட்டி இடுப்புல இருக்கான்னு தெரியாது. குடிச்சிட்டு ஒளறினாரு, அது எங்க நேரம்”ன்னா. அவளுவளும் நம்பிட்டாளுவ. ராத்திரி வக்கீலுக்க கஞ்சியில ஊறுகா ரெண்டு துண்டு கெடந்துது.

நான் வக்கீலுகிட்ட கேட்டேன், “அது பொய் இல்லியா வேய்? மாடு மாதிரி எடுத்தாவன்னு சொன்னீரே?”

“நான் எங்க யுவர் ஆனர் சொன்னேன்? கேட்டேன்லா. அவரு உண்மையை வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு செரிக்காமக் கெடந்தாரு. நான் முதுகுல ஒரு தட்டு தட்டினேன்.” அதுல ஒரு சிரிப்பு. அந்த ஆளுக்கு நல்ல பல்வரிசை, தாடிக்குள்ள ஒருத்தரும் பாத்ததில்ல.

பொறவு ஒரு மழைக்காலம் போச்சு, ரெண்டு போச்சு. வக்கீலுக்கு இருமல் வந்துது. இது நெசமான இருமல். அம்மை கஞ்சியைக் குலைப்பெரைக்குக் கொண்டு போவா, நான் தூக்குச்சட்டியோட பொறத்த. ஒருநாள் அவரு அம்மைகிட்ட சொன்னாரு.

“என்னை எடுக்கும்போ முடுக்கு வழியா எடுக்கச் சொல்லும்.”

“பேசாம கஞ்சியைக் குடியும்.”

“கேளும். அந்த அம்மை ஒருத்திதான் அந்த வழியாப் போனா. நாளைக்கு பெரிய வீட்டுக்காரருக்க மவன் வந்து, அண்ணைக்கு மழை, கரை உடைஞ்சுது, அதுனால கொண்டு போனோம்பான். ஒரு சவம் போனா அது அவசரம். ரெண்டாவது சவமும் போச்சுன்னா அது வழமை. வழமை ஆன வழியை ஒருத்தனும் அடைக்க முடியாது. எனக்கு வேற சொத்து இல்ல. இது ஒண்ணுதான் கையில இருக்கு.”

அம்மை திரும்பி நிண்ணு தூக்குச்சட்டியைக் கழுவினா. கழுவின சட்டியையே திரும்பவும் கழுவினா.

ஆடி மாசம் காத்துல போய்ச் சேந்தாரு. குலைப்பெரையில இருந்து சுடுகாடு எட்டிப் பாத்தாத் தெரியும். கரையும் நல்லாத்தான் இருந்துது, ரோடு காஞ்சு கெடந்துது. அம்மை நேரா பெரிய வீட்டுக்குப் போனா. என்ன பேசினாவன்னு தெரியாது, கதவு சாத்தியிருந்துது. பெரிய வீட்டு மாமன் வெளிய வந்து, தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கெட்டினாரு. முன்காலுக்கு அவருதான் தோள் குடுத்தாரு.

கோட்டை அம்மை மொதநாளே வாங்கி அலக்கிப் போட்டிருந்தா. சாம்பல் போட்டு, நாரத்தங்கா போட்டுத் தேச்சா. வாழைக்கறை போவுமா? போவல்ல. அதைச் சுருள் பிரிச்சு அவருக்குப் போட்டுவிட்டாவ. சும்மாடா இருந்தது மறுபடியும் கோட்டாச்சு. தாடியைச் சிரைச்சிருந்துது. ஊரே பாத்து, “ஏ, இவரு நெசமாவே வக்கீலுதான் கேட்டியா”ன்னுச்சு.

தெக்க இருந்து தூக்கி, ஊரைச் சுத்தி மேலத்தெரு ஏறி, முடுக்கு வழியா எறங்கி எங்க முத்தத்தைத் தாண்டிப் போனாவ. அம்மை அடுப்பை அணைச்சிட்டு, வேவாத நெல்லுக்குப் பக்கத்துல நிண்ணா. நான் ஜட்ஜு இல்லியா, அழப்பிடாதுன்னு முத்தத்துல ஒரு கொட்டையைக் கவுத்து அது மேல ஏறி நிண்ணேன். நிண்ணேன்னுதான் சொன்னேன். அழல்லன்னு சொல்லல்ல.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியளு வந்து அம்மையைச் சுத்தி இருந்தாளுவ. “ஏ பிள்ளே, பெரையில இருந்து சுடுகாடு கூப்பிடு தூரம்லா? எதுக்கு ஊரெல்லாம் சுத்தி ஒன் வீட்டு முத்தம் வழியா கொண்டு போனாவ? அந்தாளு ஒனக்கு ஆரு?”

அம்மை அடுப்பை மறுபடியும் பத்த வச்சா. ஆவி மொகத்துல அடிச்சுது, அதுனால கண்ணைத் தொடைச்சது ஒருத்திக்கும் தப்பாத் தெரியல்ல.

“குடிகாரருல்லா அக்கா”ன்னா. “போற அண்ணைக்கும் வழி தப்பிட்டாரு.”